கழுவிய பின் எடை

“மனுசனுக்கு ஆறுதல் சொன்னது ஒரு குத்தமா மேடம்?” என்று கேட்டான் இளம்பரிதி.

பேராசிரியர் ஞானசுந்தரி பிணவறை மேடையில் இருந்த தராசைக் கண்ணால் காட்டினார்.

தடய மருத்துவம் படிக்க வந்த இளம் டாக்டர் அவன். காலையில் வந்த உடல் இசக்கிராஜா என்ற பையனுடையது. போலீஸ் தேர்வுக்காக மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அலுப்பாக இருக்கிறது என்றவனை எழுப்பி ஓட அனுப்பியவர் அப்பா பேச்சிமுத்து. பெற்ற மகனை ஓடவிட்டே கொன்றுவிட்டான் என்று சொந்தக்காரர்கள் வாசலிலேயே பேசினார்கள். ஊர் வாய்க்கு உலைமூடி உண்டா?

அதைக் கேட்டு இளம்பரிதிக்கு மனசு தாங்கவில்லை. இதயத்தை எடுத்துத் தராசில் வைத்தான். முள் எக்கச்சக்கமாக ஏறியது. வெளியே பேச்சிமுத்துவிடம் ஓடிப்போய், இதயம் பெருத்துப்போன பழைய நோய் என்றும், உங்கள்மேல் தப்பில்லை என்றும் சொல்லிவிட்டான். பேச்சிமுத்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பேராசிரியர் வந்து ஒன்றுதான் கேட்டார்.

“உள்ளே உறைஞ்சு கிடந்த ரத்தத்தை எடுத்தியா?”

எடுக்கவில்லை. திறந்து, ரத்தக்கட்டிகளை வழித்து, கழுவிய பிறகுதான் இதயத்தை நிறுக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது, இவன் பதறிவிட்டான்.

கழுவி வைத்தான். முள் இறங்கியது. அந்த வயதுப் பையனுக்கு இருக்க வேண்டிய எடைதான். அறுத்துப் பார்த்தார்கள். அடைப்பில்லை, தழும்பில்லை. கண்ணுக்குத் தெரிந்து ஒரு காரணமும் இல்லை.

அப்போதுதான் அவன், ஆறுதல் சொன்னது ஒரு குத்தமா என்று கேட்டான். முதலில் வந்த எடையையே எழுதிவிடலாம் என்றும் கெஞ்சினான். அந்த மனிதராவது நிம்மதியாக இருக்கட்டும். செத்தவனுக்கு இனி என்ன ஆகப்போகிறது?

பேராசிரியர் அவனை ஜன்னலுக்கு அழைத்துப் போனார். வெளியே மண்ணில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

“அவர் பக்கத்துல யாரு?”

“பையனோட தங்கச்சி மேடம். மாரிச்செல்வி. அண்ணன்கூட ஓடினவ.”

அவள் ஓடின ஷூவை இன்னும் கழற்றவில்லை.

“இதயம் பெருத்துச் செத்தான்னு நீ எழுது. நாளைக்கு இவளுக்கு ஸ்கேன் எடுப்பாங்க. இதயம் அளவாத்தான் இருக்குன்னு வரும். அப்புறம்?”

இளம்பரிதி அந்த ஷூவைப் பார்த்தான்.

“பயமில்ல, ஓடுன்னு சொல்லுவாங்க.”

“சிலருக்கு அளவு சரியா இருக்கும். துடிப்புல கோளாறு இருக்கும். அது செத்தவன் நெஞ்சுல தெரியாது. கூடப் பிறந்தவளுக்கும் இருக்கலாம்.”

அவன் வெளியே போனான். தான் அவசரப்பட்டதையும், இதயம் பெருக்கவில்லை என்பதையும், காரணம் தெரியவில்லை என்பதையும் சொன்னான்.

அவனைக் கண்டதும் மறுபடியும் அவன் கையைப் பிடித்திருந்த பேச்சிமுத்து அதை விட்டார்.

“அப்பம் நாந்தானா டாக்டரய்யா?”

பின்னாலேயே வந்த பேராசிரியர் அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

“உங்க மகன் நெஞ்சைத் திறந்து பார்த்தவ நான். எதனாலன்னு எனக்குத் தெரியல. உங்களாலன்னு அதுல எங்கயும் இல்ல.”

மாரிச்செல்வியைக் காட்டிச் சொன்னார்.

“இந்தப் பிள்ளை நெஞ்சைச் சோதிக்கணும். அதுவரைக்கும் ஓட வேண்டாம்.”

பேச்சிமுத்து மகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.