ஐம்பது தடவை புரூம்

இந்தக் கூத்தைக் கேளுங்கள். எங்கள் பேட்டை நர்சரி பள்ளியின் கரெஸ்பாண்டன்ட் அரங்கநாயகம் ஒரு நாள் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தார். டெம்பரரி டீச்சர் ஜெசிந்தா தரையெல்லாம் படக் கார்டு பரப்பியிருந்தாள். அவள் இங்கிலீஷில் ஒரு பெயரைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஓடிப்போய் அந்தப் படத்தின்மேல் குதித்தார்கள்.

"இது கிளாஸா, கிளப்பா? பி செக்‌ஷன்ல ஒவ்வொரு வார்த்தையும் ஐம்பது தடவை இம்போசிஷன். அவங்களைவிட உன் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியும்னு இப்பவே காட்டு. இல்லேன்னா நாளைலேர்ந்து வராதே!"

"அங்கேர்ந்து ஒரு கெட்டிக்காரியை நீங்களே கூப்பிடுங்க சார்."

மதிவதனி வந்தாள். அவள் நோட்டில் 'புரூம்' ஐம்பது தடவை, முத்து முத்தாக. அரங்கநாயகத்துக்கு ஒரே பூரிப்பு.

"நோட்டுல எழுதின மாதிரியே போர்டுல எழுதும்மா," என்றாள் ஜெசிந்தா.

மதிவதனி போர்டின் உச்சியிலிருந்து அடிவரை 'பி' மட்டும் எழுதினாள். பிறகு மேலே போய், பக்கத்தில் 'ஆர்' வரிசையை ஆரம்பித்தாள். இம்போசிஷன் எழுதிய எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான், கொடுத்தவர்களுக்குத்தான் தெரியாது.

"புரூம்னா என்னம்மா?" அரங்கநாயகம் பதறினார்.

"தெரியாது சார். அஞ்சு வரிசை போட்டா மிஸ் டிக் அடிச்சிடுவாங்க."

ஜெசிந்தா தன் பிள்ளைகளிடம் "புரூம்!" என்றாள். நாலு பேர் பாய்ந்து போய், ஆயாவின் துடைப்பத்தைக் கொண்டுவந்து அரங்கநாயகத்தின் கையிலேயே கொடுத்தார்கள்.

"சரி, சரி, நாளைக்கு வா. ஆனா இந்த ஆட்டம்..."

"கார்டோடதான் வருவேன் சார். பி செக்‌ஷனுக்கும் ஒரு கட்டு கொண்டு வரேன்."