லேப்டாப்புக்கு மைக் வெச்ச மூணு பேர்

திருச்செங்கோட்டுப் பக்கம் போய் மும்மணி சவுண்ட் சர்வீஸ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். யாராக இருந்தாலும் வழி சொல்லுவார்கள், கூடவே ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். செங்கோடன் மிக்ஸரைப் பார்த்துக்கொள்பவர். ஆறுச்சாமி மைக் வைப்பவர். ராக்கியப்பன் ஒயர் இழுப்பவர். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் அன்றைக்கு எங்கேயோ விருந்துக்குப் போயிருந்தது.

இருபது வருஷமாகக் கோயில் விசேஷம், பட்டிமன்றம், கல்யாணக் கச்சேரி என்று பார்த்த கைகள். அவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு. வாசிக்கிறவனுக்கு வேர்க்கணும், வேர்க்காவிட்டால் அது சங்கீதமே இல்லை.

அப்பேர்ப்பட்டவர்களைப் போய் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள் டிஜே நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தலையெழுத்து!

டிஜே, கோயமுத்தூர்ப் பெண் மிருதுளா. அவளுக்கு இதுதான் முதல் பெரிய மேடை. பிரின்சிபாலோ முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு மணி நேரம் பார்ப்பேன். பசங்க ஆடாம உக்காந்திருந்தா இனி இந்தக் காலேஜ்ல டிஜேயே கிடையாது. வருஷா வருஷம் பட்டிமன்றந்தான்."

மூன்று மணிக்கு லேப்டாப்போடு மேடை ஏறினாள். அங்கே ஏழு மைக் வரிசையாக நின்றது.

"மத்தவங்கெல்லாம் வேன்ல வர்றாங்களா, அம்மிணி?" என்றார் ஆறுச்சாமி.

"நான் மட்டுந்தாங்ணா."

"அப்ப வாத்தியம்?"

"இதாங்ணா." லேப்டாப்பைக் காட்டினாள்.

மூவரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! ஆறுச்சாமி ஒரு மைக்கைத் தூக்கி வந்து லேப்டாப்புக்கு முன்னால் வைத்தார். செங்கோடன் சத்தத்தை ஏற்றினார். உள்ளே ஓடுகிற குட்டி ஃபேன் மைதானம் முழுக்க "ஸ்ஸ்ஸ்" என்று கேட்டது.

"தொண்ட கட்டியிருக்குதுங்க," என்றார் செங்கோடன்.

ராக்கியப்பன் ஓடிப்போய் ஒரு டம்ளர் வெந்நீரில் பனங்கற்கண்டைக் கரைத்துக் கொண்டுவந்தார். நல்லவேளை, ஊற்றுவதற்குள் மிருதுளா டம்ளரைப் பிடுங்கிவிட்டாள்.

பிறகு அவளே ஒயரைத் தேடி எடுத்து லேப்டாப்பை மிக்ஸரில் சொருகினாள். எல்லாம் முடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனி நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் கையால தொடாதீங்க."

"ஆகட்டுங்க அம்மிணி!"

மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சொன்னால் சொன்னபடி நடக்கிற மனுஷர்கள். ஆறுச்சாமி மூக்கில் ஈ உட்கார்ந்தது, ராக்கியப்பன் வாயால் ஊதி விரட்டினார். செங்கோடனின் வேட்டி அவிழப் பார்த்தது, அவர் முழங்காலை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு ஆரம்பமானது. டும், டும், டும், டும்.

பசங்கள் தலையை ஆட்டினார்களே தவிர, ஒருத்தரும் எழவில்லை. பிரின்சிபால் வாட்சைப் பார்த்தார். இந்த மாதிரிப் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாளம் வேகமாகி ஏறிக்கொண்டே போகும், உச்சியில் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். நாலைந்து விநாடி கழித்து இடி மாதிரி இறங்கும். ஆடுகிறவர்களுக்கு அந்த அமைதிதான் உயிர். சவுண்டுக்காரர்களுக்கோ அமைதி என்றால் குலை நடுங்கும்.

முதல் தடவை பாட்டு நின்றதும் மூன்று முகமும் வெளுத்தது. அது தானாகத் திரும்பி வந்த பிறகும் மூவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

"ஜெனரேட்டரு கோளாறு," என்றார் ராக்கியப்பன்.

"ஒயரு லூசப்பா. ஆட்டி வெச்சாச் செரியாப் போயிரும்," என்றார் ஆறுச்சாமி.

"தொடக்கூடாதுன்னு அம்மிணி சொல்லியிருக்குதல்லோ?" என்றார் ராக்கியப்பன்.

"அதுக்குன்னு மரமாட்டம் நிக்கறதா? இருவது வருசத்துப் பேரு கெட்டுப் போயிருமே!"

செங்கோடன் யோசித்தார். அவர் யோசிப்பது அபூர்வம். "கையால தொடாதீங்கன்னுதான சொல்லுச்சு? வாயால பேசாதீங்கன்னு சொல்லலியே?"

"அப்பிடிப் போடுங்க!"

அடுத்த தடவை தாளம் ஏறியது, ஏறியது, நின்றது. கையைப் பின்னால் கட்டியபடியே செங்கோடன் பக்கத்து மைக்கிடம் குனிந்தார்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்... ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூணு முடியவும் இடி இறங்கவும் சரியாக இருந்தது.

அவ்வளவுதான்! மைதானத்தில் இருந்த ஆயிரம் பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கிய மிருதுளா, அப்படியே அதை மேலே ஆட்டினாள். அடுத்த அமைதிக்கு ஆறுச்சாமி குனிந்தார். "யாரோ ஒயர மிதிச்சுட்டு நிக்கறீங்க. கால எடுங்க... கால எடுங்க..." ஆயிரம் பேரும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், பிரின்சிபால் உட்பட. "கரண்டு வந்து வந்து போவுதுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று ராக்கியப்பன் கெஞ்சியதை மைதானமே கோரஸாகத் திருப்பிச் சொன்னது.

ஐந்து மணிக்கு மிருதுளா கடைசிப் பாட்டை முடித்தாள். பிரின்சிபால் மூச்சு வாங்க மேடைக்கு ஓடி வந்தார்.

"பிரமாதம்மா! அடுத்த வருஷமும் நீதான் வரணும். பட்டிமன்றமாவது ஒண்ணாவது!"

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. செங்கோடன் மட்டும் சங்கடத்தோடு நெளிந்தார்.

"ஏனுங்க சார், அதுக்குள்ள பாராட்டிப்போட்டீங்க? இத்தன நேரம் அம்மிணி ஸ்பீக்கர் டெஸ்டிங்கல்லோ பண்ணீட்டு இருந்துச்சு? கச்சேரி இனிமேலுதானுங்க."

"என்னது, இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?" பிரின்சிபால் வாயைப் பிளந்தார். விஷயம் காதில் விழுந்ததும் ஆயிரம் பேரும் ஹோவென்று கத்தினார்கள்.

மிருதுளாவிடம் இருந்ததே அந்த ஒரு மணி நேரப் பாட்டுத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து போட்டாள். டும், டும், டும், டும்.

செங்கோடன் மற்ற இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார்.

"அட சாமி! இந்தப் புள்ள மறுக்காவும் டெஸ்டிங்குதானப்பா பண்ணுது!"