இரண்டு சவ்வுக்கு நடுவே

"மூணு வாரமா ஒரே சவ்வு! நுரையீரலுக்கு எப்பதான் வருவீங்க டீச்சர்?" என்று கேட்டேவிட்டார் நம்பிராஜன்.

பாபநாசம் வட்டாரத்தில் பேர்போன மூச்சுப்பயிற்சி வாத்தியார் அவர். உடம்புக்குள் இருப்பதைக் கற்றுக்கொள்ள உலகம்மையிடம் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார். உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குக் குடிவந்தவர். பாடம் நடப்பது அவர் தோட்டத்து மாமரத்தடியில்.

"சவ்வுக்கு என்ன வேலை, சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒண்ணு நுரையீரலைப் போத்தியிருக்கு. இன்னொண்ணு விலாவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு. நடுவுல ஸ்பூன் அளவு தண்ணி. பொட்டலம் கட்டுற காகிதம்தானே டீச்சர் அது? சரக்கு எல்லாம் நுரையீரல்லதான் இருக்கு."

உலகம்மை சிரித்தார்.

"அப்ப இன்னைக்கும் சவ்வுதான்."

மனுஷருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராதா பின்னே!

அந்த நேரம் பார்த்து மேலே கிளை முறிந்தது. நம்பிராஜனோடு வந்து மாங்காய் பறித்துக்கொண்டிருந்த அவர் தம்பி சொரிமுத்து வேலிமேல் பொத்தென்று விழுந்தான். மூங்கில் முனை விலாவில் ஏறி, அவன் சரிந்தபோது கழன்றுகொண்டது.

நம்பிராஜன் ஓடிப்போய் மடியில் தாங்கினார். தம்பிக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம் பாரித்தது.

"இழுல தம்பி! மூச்சை நல்லா ஆழமா இழுல!"

ஊருக்கெல்லாம் சொல்கிற பாடம் அது. பாவம், அவனும் அண்ணன் சொல்லைத் தட்டாமல் இழுத்தான். விலாவில் இருந்த ஓட்டை புஸ் என்றது. இன்னும் இழுத்தான். இன்னும் முட்டியது.

"டீச்சர், இழுக்க இழுக்க மோசமாகுதே! என் தம்பி போயிருவானே!"

"மூக்கால மட்டுமா இழுக்கான்? ஓட்டை வழியாவும் இழுக்கான். காத்து ரெண்டு சவ்வுக்கும் நடுவுல போய் உக்காருது."

உலகம்மை அவர் உள்ளங்கையைப் பிடித்து ஓட்டையின்மேல் வைத்து அழுத்தினார்.

"சவ்வு ரெண்டும் பிரிஞ்சா நுரையீரல் சுருங்கிரும் அண்ணாச்சி. அவன் இழுக்கும்போது அமுக்குங்க. விடும்போது லேசாத் தூக்குங்க, உள்ள போன காத்து வெளிய வரட்டும்."

புஸ் சத்தம் நின்றது.

உலகம்மை கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அமுக்கினார், தூக்கினார். வாய் மட்டும் முருகா முருகா என்றது.

டாக்டர் விலாவுக்குள் குழாய் போட்டு, நடுவில் போன காற்றை வெளியே எடுத்தார். நுரையீரல் மறுபடி விரிந்துவிட்டது, பிழைத்துக்கொண்டான் என்று வந்து சொன்னார்.

நம்பிராஜன் வராந்தாவிலேயே உலகம்மையின் காலில் விழப் போனார்.

"ஐயோ, நீங்க மூத்தவரு!"

உலகம்மை பதறி அவரை நிமிர்த்தினார். அவர் கையைப் பிடித்து அவருடைய விலாமேலேயே வைத்தார்.

"இழுங்க."

இழுத்தார். விலா விரிந்தது.

"விடுங்க."

விட்டார். அடங்கியது.

"சவ்வு ரெண்டும் எங்கேயாவது உரசிச்சா? பிரிஞ்சுச்சா?"

"இல்லையே டீச்சர்."

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததுலருந்து..." என்றார். வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, கையை விலாவைவிட்டு எடுக்காமல், ஓவென்று அழுதுவிட்டார்.