குப்பமேட்டு வழி

கேள்வி கேட்டா வாயால பதில் சொல்லாம வண்டிய எடுக்குற குரு ஒருத்தி இருந்தா. பேரு மரியபுஷ்பம். மனை, வீடு முடிச்சுக் குடுக்குற புரோக்கர். அவளுக்கு ஒரு சிஷ்யன், பேச்சிமுத்து. பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. குருவ விட சிஷ்யனுக்குத்தான் நரை அதிகம்.

ஸ்கூட்டிய குரு ஓட்டுவா. சிஷ்யன் பின்னால உக்காந்து "ரைட்" சொல்லணும். சொன்னாத்தான் வண்டி நகரும். அவருக்கு அது பழக்கம், அவளுக்கு அது வெளயாட்டு.

அதுவரைக்கும் வாடகைக்கு ஒரு வீடுதான் முடிச்சிருந்த பேச்சிமுத்து, அன்னைக்கு மொதத் தடவயா தானே ஒரு பார்ட்டியப் பிடிச்சு மனை பாக்கக் கூட்டிட்டு வந்திருந்தாரு. மாவுக்கடை தங்கதுரை, அவர் பொண்டாட்டி செல்வக்கனி. இது முடிஞ்சாத்தான் பேச்சிமுத்து வீட்டுல தலை நிமிர முடியும். "மாமா சும்மா வெயில்ல ஊர் சுத்துதாரு"ன்னு மருமகன் சோத்துத் தட்டு முன்னாலயே சொல்லிட்டான்.

கெளம்பும்போது குருகிட்ட கேட்டாரு. தொழில் கத்துக் குடுக்குறதால அவ அவருக்கு டீச்சரம்மா.

"டீச்சரம்மா, இந்தத் தொழில்ல எதச் சொல்லணும், எத மறைக்கணும்?"

"ஹெல்மெட்ட மாட்டுங்க அண்ணாச்சி."

"ரைட்."

தங்கதுரை பைக் பின்னாலயே வந்துச்சு.

அந்த மனைக்கு ரெண்டு வழி. புரோக்கருங்க எல்லாரும் கூட்டிட்டுப் போறது தோப்பு வழி. சுத்து வழிதான். ஆனா தென்னை, வாய்க்கா, குளுகுளுன்னு காத்து. மனை வர்றதுக்குள்ள பார்ட்டி மனசுக்குள்ள மாடியே கட்டியிருக்கும். இன்னொண்ணு குப்பமேட்டு வழி. ஊர்க் குப்பை மொத்தமும் அங்கதான் எரியும். கிட்ட வழி அதுதான், பஸ் போறதும் அதுலதான். பத்திரம் முடியுத வரைக்கும் அப்படி ஒரு ரோடு இருக்குறதே எந்தப் பார்ட்டிக்கும் தெரியாது.

வழி பிரியுத எடத்துல பேச்சிமுத்து கண்டக்டர் கொரல்ல, "தோப்பு வழி, தோப்பு வழி"ன்னாரு. வண்டி குப்பமேட்டுப் பக்கம் திரும்புச்சு.

"டீச்சரம்மா, ரூட்டு மாறுது."

"மாறல."

குப்பமேட்டு முன்னால நிறுத்தி எறங்கினா. நல்ல புகை. தங்கதுரை கைக்குட்டைய எடுத்தாரு. செல்வக்கனி முந்தானையால மூக்கப் பொத்தினா. பேச்சிமுத்து மட்டும் பூந்தோட்டத்துல நிக்குற மாதிரி நின்னாரு.

"தெனமும் இப்படியாக்கா?"ன்னு கேட்டா செல்வக்கனி.

"மேக்காத்து அடிச்சா மனை வரைக்கும் வரும். குப்பைய எடுத்துருவோம்னு சொல்லிட்டேதான் இருக்காங்க. நான் பாக்க இன்னும் எடுக்கல."

"பட்டா, அப்ரூவல்லாம்?"ன்னாரு தங்கதுரை.

"அது சுத்தமா இருக்கு. காத்துதான் சுத்தமில்ல."

பேச்சிமுத்து இருமுனாரு. புகையால இல்ல.

மனையையும் போயிப் பாத்தாங்க. செல்வக்கனி முந்தானைய எடுத்துட்டு மூச்ச இழுத்துப் பாத்தா.

"சின்னவளுக்கு வீசிங் இருக்குக்கா. இது எங்களுக்குத் தோதுப்படாது."

பைக் போயிருச்சு. பேச்சிமுத்து அது மறையுத வரைக்கும் பாத்துட்டு நின்னாரு.

"என் பார்ட்டி போச்சு."

"போச்சு."

"தோப்பு வழியா போயிருந்தா இன்னைக்கே அட்வான்ஸ் போட்டிருப்பாங்க."

"போட்டிருப்பாங்க."

"மருமகன்கிட்ட நான் என்ன சொல்ல?"

"மேக்காத்துன்னு சொல்லுங்க."

"வெளயாடாதீங்க டீச்சரம்மா. காலைல கேட்டதுக்கு இன்னும் பதிலக் காணோம்."

"ஏறுங்க அண்ணாச்சி."

"ரைட்."

ஊருக்குள்ள வந்து கீழத்தெரு முனையில வண்டியத் திருப்பப் போனா. பேச்சிமுத்து அவசரமா, "ஹோல்டான், ஹோல்டான்"ன்னாரு. வண்டி நின்னுச்சு.

"மேலத்தெரு வழியா சுத்திப் போவோம்."

"பெட்ரோல் இல்ல அண்ணாச்சி. இதுல பூந்தா பங்க் பக்கம்."

"இல்ல, வேண்டாம்."

"தெரு அடைச்சிருக்கா?"

"இல்ல."

"நாய் வெரட்டுதா?"

"நாய்லாம் ஒண்ணுமில்ல."

"பெறவு?"

பேச்சிமுத்து ஹெல்மெட் கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டாரு.

"அருணாசலம் சாரு அங்கதான குடியிருக்காரு. நான் வாடகைக்கு வீடு பிடிச்சுக் குடுத்தேன்லா, போஸ்டாபீஸ்காரரு."

"தங்கமான மனுசனாச்சே. போனா காப்பி குடுப்பாரு."

"குடுக்க மாட்டாரு. தண்ணி இருக்காது."

அவரே சொன்னாரு.

"அந்த வீட்டுக்கு வாரத்துல ஒரு நாள்தான் தண்ணி. வர்ற நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போயி, கொழாயத் தொறந்து காட்டிட்டேன்."

"அப்போலேருந்து மேலத்தெருவா?"

"ஆமா."

அவ இஞ்சின அணைக்கல. திரும்பியும் பாக்கல.

"ஒரு வீடு முடிச்சதுக்கே ஒரு தெரு போச்சே அண்ணாச்சி. பத்து வீடு முடிச்சா, உங்க வீட்டுக்கு எந்த வழியாப் போவீங்க?"

வண்டி கீழத்தெரு முனையிலேயே நின்னுச்சு. ரைட் சொல்ல வேண்டியவரு சொல்லல.