கை படாமல் பாடிய ரூபி

மில் முதலாளி வேலுமணியின் கூடத்தில் ரூபி என்ற பழைய எலக்ட்ரிக் கிதார், ஆம்ப்ளிஃபயரில் செருகியபடியே நிற்கும்.

"அறுபத்தொண்ணுல வந்த முதல் செட்டு! உள்ளே வெறும் கூடு. சத்தம் கூட்டினா தானா ஊளையிடுதுன்னு அடுத்த வருசம் செஞ்சதுல கம்பெனிக்காரங்க உள்ளே மரக்கட்டை வெச்சுட்டாங்க. எவனும் தொடப்படாது!" என்று எல்லாரிடமும் பீற்றுவார்.

தன் பாட்டுக் குழுவின் கிதார் உடைந்துபோனதால், மாலைக் கச்சேரிக்கு ரூபியை இரவல் கேட்டாள் பாட்டுக்காரி ஜெனோவா.

"கை படாம அதைப் பாட வை, எடுத்துட்டுப் போ" என்று சிரித்தார்.

ஜெனோவா ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினாள். கம்பிகள் தாமாக நடுங்கின. முனகல் எழுந்து, நீண்டு, கூடம் முழுக்கக் கணீரென்று நிறைந்தது. வேலையாட்கள் கைகூப்பி நின்றுவிட்டார்கள்.

"கம்பியில கை வெச்சாத்தான் நிக்குமுங்க. நான் தொடலாங்களா?"

வாங்கியதிலிருந்து அதன் குரலை வேலுமணியும் அன்றுதான் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆம்ப்ளிஃபயர் பொட்டியையும் சேத்து எடுத்துக்க அம்மிணி."