சார்ஜ் போடச் சொன்ன குரல்

"மாஸ்டர், ஒருவேளை எரிஞ்சா அது யார் தலையில விழும்?"

கேட்டுவிட்டு சென்னியப்பன் உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

பொற்கொடி நிமிரவில்லை. ரப்பர் கையுறையோடு ஒரு கார் பேட்டரியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வயதில் பாதிதான் அவளுக்கு. டீசல் எஞ்சினோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய மனிதர், கரண்டு வண்டி கற்க அவளிடம் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார்.

"எதுங்கண்ணா எரிஞ்சா?"

"பொதுவாத்தான் கேக்கறனுங்க. பழைய செல்லும் புதுச் செல்லும் கலந்து நாம பேட்டரி கட்டின வண்டி. வீட்டுல மெதுவா ஏத்தினா சமத்து. ரோட்டோரம் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டு, குப்புன்னு புகைஞ்சு..."

"யாரையெல்லாம் கேட்டீங்க?"

அவ்வளவுதான், சென்னியப்பனுக்கு உயிர் வந்துவிட்டது. அவருக்கு எல்லார் குரலும் வரும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் குரலில் மைக்கில் பேசி, தாலி கட்டும் முன்பே பந்தியைப் போட வைத்தவர்.

மூக்கைப் பிடித்தார். கார் கம்பெனி.

"சாரி சார். வெளி ஆளுகிட்டப் பிரிச்ச அன்னிக்கே நமக்குள்ள உறவு முடிஞ்சுது."

நெஞ்சை நிமிர்த்தினார். சார்ஜிங் ஸ்டேஷன்காரர்.

"ஏப்பா, ஊத்தறதுதான் நானு. குடிக்கறது உன்ர வண்டி."

வெற்றிலை குதப்பினார். இன்சூரன்ஸ்காரர்.

"அடடா. எரியறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பொற்கொடி வாய்விட்டுச் சிரித்தாள். "அச்சு அசல்!"

அவர் சிரிக்கவில்லை. கண் சுவர்க் கடிகாரத்துக்கு ஓடியது.

"குழந்தைவேலு அண்ணன் வண்டிதானே?" என்றாள்.

"ஆமாங்க."

"வெள்ளத்துல மூழ்கி வந்த வண்டி. ஃபாஸ்ட் சார்ஜ்ல நாம போட்டுப் பாக்கவே இல்ல. மெதுவா மட்டும்தான்னு சொல்லித்தானே சாவி குடுத்தேன்?"

"காலையில கடை போனுக்குக் கூப்பிட்டாருங்க. நீங்க டீக்குப் போயிருந்தீங்க. பேத்திக்குப் பழனியில காதுகுத்தாம். வழியில போட்டுக்கலாமான்னு கேட்டாரு."

"யாரு பதில் சொன்னது?"

சென்னியப்பன் ஒரு ஸ்பானரை எடுத்தார். வைத்தார். வாய் தானாகத் திறந்தது.

"தாராளமாப் போடுங்கண்ணா. நான் சொல்றேன்ல?"

பொற்கொடியின் குரல். அச்சு அசல்.

"நாக்கு அரிச்சிருச்சுங்க மாஸ்டர். ஒரு விளையாட்டுக்கு..."

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"எல்லாரும் பேசிட்டாங்க. இன்னும் ஒருத்தர் பாக்கி."

தன் போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னால் வைத்தாள்.

"மாஸ்டர்! நூறு ஆயுசு உங்களுக்கு!" குழந்தைவேலுதான். "உடுமலையில சார்ஜ் போட நிக்கறோம். இப்ப நம்ம முறை. ஏசியப் போட்டுப் பாப்பாவ உள்ளயே தூங்க வெச்சாச்சு. பையன் வயரக் கையில எடுத்துட்டான். மாட்டட்டுங்களா?"

சென்னியப்பன் கனைத்தார். கனைப்பே பொற்கொடியின் கனைப்பாக வந்தது.

அந்தக் குரலில் ஒரு வார்த்தை போதும், வயர் கீழே போய்விடும். சொந்தக் குரலில் சொன்னால்? போன மாசம்தான் ஆர்.டி.ஓ. குரலில் இதே குழந்தைவேலுவை வேர்த்து விறுவிறுக்க வைத்தார். எவன் நம்புவான்?

பொற்கொடியைப் பார்த்தார். அவள் ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை.

"ஹலோ? மாஸ்டர்? லைன்ல இருக்கீங்களா?"

சென்னியப்பன் துண்டால் வாயைத் துடைத்தார்.

"மாட்டாதீங்க. பாப்பாவ முதல்ல எறக்குங்க."

"ஏனுங்க? யாருங்க இது?"

"சென்னியப்பன். காலையில பேசினதும் நான்தான்."