ரெண்டு தொன்னை நாவல்பழம் எங்கே போச்சு?

ஈச்சங்காட்டில் ஒரு பெரிய குளம். குளத்தைச் சுற்றி உயரமான மண்கரை. கரைக்குக் கிழக்கே பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு மருதமரத்து வேர் இடுக்கில், சருகி என்ற சருகுமான் தன் குட்டியோடு குடியிருந்தாள். குட்டி பிறந்து மூன்றே நாள். இன்னும் கால் ஊன்றி நடக்கவில்லை.

சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். முயல் அளவுதான் இருக்கும். இலை அசைந்தால் ஓடும், அசையாவிட்டாலும் ஓடும். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி இனத்தில் பிறந்தவள் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தக் காட்டுக்கு மத்தகன் என்ற யானை ராஜா. தங்கமான மனசு. என்ன, மந்திரி எது சொன்னாலும் "சரி, சரி" என்று தலையாட்டுவார். மந்திரி யார் தெரியுமா? தோகையார் என்ற மயில். அழகுக்குக் குறைச்சல் இல்லை. அதை நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பதிலும் குறைச்சல் இல்லை!

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எல்லா மிருகங்களும் ராஜாவின் அத்திமரத்தடியில் வரிசையில் நின்று பங்கு கொடுக்க வேண்டும். கரடி தேன் கொடுக்கும். காட்டுப்பன்றி கிழங்கு கொடுக்கும். கூழைக்கடாப் பறவைகள் மீன் கொடுக்கும். சருகிக்கு ஒரு தொன்னை நாவல்பழம். அதை வைத்துத்தான் காட்டின் பொதுவேலை எல்லாம் நடந்தது.

இதில் ஒரு வழக்கமும் இருந்தது. பங்கை வைப்பவர் ராஜாவிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ராஜா பதில் சொல்லியே தீர வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ யோசித்து வைத்த வழக்கம். ஆனால் நம்ம மிருகங்கள் என்ன செய்தன? "ராஜா சௌக்கியமா?" என்று கேட்கும். "சௌக்கியம்! அடுத்தது!" என்பார் ராஜா. எல்லோரும் அதையே கேட்டார்கள். கேட்கிற உரிமையை இப்படி நலம் விசாரித்தே வீணாக்கிய காடு வேறெங்கும் இருக்காது!

அந்த வருஷம் ஆடி மழை வெளுத்து வாங்கியது. குளம் தளும்பியது. ஒரு நாள் காலையில் சருகி கண் விழித்தபோது வேர் இடுக்கில் ஈரம். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. "இது எங்கேருந்து வந்த தண்ணி?" என்று யோசித்தாள். ஈரத்தைப் பின்தொடர்ந்து போனாள். அது கரையில் போய் முடிந்தது. கரையின் வயிற்றில் விரல் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

கரை போனால் முதலில் போவது சருகியின் குட்டிதான். தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம் என்றால், பள்ளத்துக்கு மேலே புலி உலவும் புலிப்பாறை. அங்கே போவதற்கு இங்கேயே முழுகலாம்.

அவள் ஒரே ஓட்டமாகக் கெண்டையனிடம் ஓடினாள். கெண்டையன் ஒரு நீர்நாய். கரையைக் காப்பது அவன் வேலை. நண்டுகள் கரையில் வளை தோண்டும். அவன் முங்கி முங்கி அந்த நண்டுகளைப் பிடிப்பான், வளைகளைக் களிமண் வைத்து அடைப்பான். அதற்குக் கூலியாகப் பொதுப்பங்கிலிருந்து நாளுக்கு ஒரு கூடை மீன்.

கெண்டையன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே, எங்கே கிளம்பிட்டீங்க?"

"ஆத்துப் பக்கம் போறேன் தங்கச்சி. என் வேலை போயி ஒரு மாசம் ஆச்சு. செலவைக் குறைக்கிறாங்களாம்!"

"ஐயய்யோ! கரையில ஓட்டை விழுந்திருக்கு அண்ணே!"

"விழாம என்ன செய்யும்? கூலி இல்லாட்டியும் பரவாயில்லைன்னு ஒரு வாரம் சும்மாவே அடைச்சேன். மந்திரியோட ஆளுங்க வந்து, வேலையில இல்லாதவன் கரையில கால் வைக்கக் கூடாதுன்னு விரட்டிட்டாங்க. வயிறுன்னு ஒண்ணு இருக்கே, நான் என்ன செய்ய?"

பாவம், அவன் விலா எலும்பை எண்ணிவிடலாம். "நாளைக்குப் பௌர்ணமி அண்ணே. அதுவரைக்கும் மட்டும் இருங்க!" என்று கெஞ்சிவிட்டு, சருகி மூச்சிரைக்க மந்திரியிடம் ஓடினாள்.

தோகையார் காட்டின் வாசலில் நின்றிருந்தார். அங்கே புதிதாக ஒரு வரவேற்பு வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய கல், வழவழவென்று தேக்குமரம், உச்சியில் தோகை விரித்த கல்மயில் ஒன்று. யார் ஜாடை என்று சொல்லவும் வேண்டுமா?

"மந்திரி ஐயா! கரை கசியுது! கெண்டையன் அண்ணனைத் திரும்ப வேலைக்கு வைங்க!"

"இந்தாம்மா, பன்னிரண்டு வருஷமா அந்தக் கரை உடைஞ்சிருக்கா?"

"இல்லைங்க."

"பார்த்தியா! உடையாத கரைக்கு எதுக்குக் காவல்? தண்டச் செலவு! தள்ளி நில்லு, மரம் வருது!"

எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்கள்! சருகிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அழுதுகொண்டு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து குட்டியை நக்கிக் கொடுத்தாள். பிறகு நாவல்பழம் பொறுக்கப் போனாள். போன மாதம் வரை ஒரு தொன்னை. இந்த மாதத்திலிருந்து இரண்டு தொன்னை. ஆமாம், பங்கையும் ஏற்றியிருந்தார்கள்!

மறுநாள் பொழுது விடிந்ததும் அத்திமரத்தடியில் வரிசை. வரிசையா அது? ஒரே புலம்பல்!

"ரெண்டு அடை தேன் கேட்கிறாங்க! நான் என்ன தேனீயா?" என்றது கரடி.

"அரைப்பட்டினியா கிடக்கோம், வளைவு கட்டுறாங்களாம் வளைவு!" என்றது முயல்.

காட்டுப்பன்றி காலால் மண்ணைப் பறித்தது. "இனிமே ஒரு கிழங்கு கூடக் கொடுக்க மாட்டேன்! யாரும் கொடுக்காதீங்க! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

"ஆமாம், போவோம்!" என்று வரிசை கலையத் தொடங்கியது. அப்போது கீழே இருந்து ஒரு குரல் கேட்டது.

"கொடுக்காம விட்டா கெண்டையன் அண்ணனுக்கு மீன் எங்கேருந்து வரும்?"

பன்றி குனிந்து பார்த்தது. சருகி! வாயைத் திறந்தே யாரும் பார்த்திராத சருகி!

"நீ கொடுத்து என்னத்தைக் கண்டே?"

"கொடுத்தா நமக்கு ஒரு கேள்வி இருக்கு அண்ணே. அதை இதுவரைக்கும் நாம கேட்கவே இல்லையே!"

அவள் இரண்டு தொன்னைகளையும் இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் வேர் இடுக்கில் கிடக்கும் குட்டி நினைவுக்கு வந்தது. தொன்னைகளை வைத்தாள்.

"சௌக்கியம்! அடுத்தது!" என்றார் ராஜா, அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

"நான் இன்னும் கேட்கலைங்க ராஜா."

ராஜாவின் காது ஆடுவது நின்றது.

"என்னோட ரெண்டு தொன்னை நாவல்பழம் எங்கே போகுது? அதை எனக்குக் கண்ணால காட்டுங்க!"

"என்ன திமிர்!" என்று தோகையார் எகிறிக் குதித்தார். "சுண்டைக்காய் அளவு இருந்துக்கிட்டு ராஜாவையே கேள்வி கேட்கிறியா?"

மத்தகன் தும்பிக்கையை உயர்த்தினார். "சும்மா இருங்க மந்திரி. பங்கு வச்சா கேட்கலாம், கேட்டா நான் சொல்லணும். அதுதானே வழக்கம்? எங்கே போகுது, சொல்லுங்க."

தோகையார் தொண்டையைச் செருமினார். "ஒரு தொன்னை வளைவுக்கு. இன்னொரு தொன்னை... வந்து... கரைக்கு! கரையைப் பலப்படுத்துறதுக்கு!"

கூசாமல் சொன்னார்! பொய்யைச் சொல்லிவிட்டு இறகையும் ஒரு முறை கோதிக்கொண்டார்.

"வளைவை நேத்தே பார்த்துட்டேங்க ராஜா. கரையைக் காட்டுங்க!" என்றாள் சருகி.

ராஜா எழுந்தார். பின்னால் மந்திரி, அதற்குப் பின்னால் காடே திரண்டு போனது. கரடி மட்டும் தன் தேனையும் கையோடு எடுத்துக்கொண்டு போனது. அத்திமரத்துக் குரங்குகள் மேல் அதற்கு நம்பிக்கை கிடையாது.

கரையில் புல் மண்டிக் கிடந்தது. பார்க்க என்னவோ பச்சைப்பசேல் என்று அழகாகத்தான் இருந்தது.

"பார்த்தீங்களா ராஜா? கல்லு மாதிரி இருக்கு!" என்றார் தோகையார்.

சருகி ஓர் இடத்தில் நின்றாள். "ராஜா, இந்த இடத்துல ஒத்தைக் காலை மட்டும் மெதுவா வைங்க. முழுசா மிதிச்சிடாதீங்க!"

மத்தகன் மெல்லக் காலை வைத்தார். கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது! கரைக்குள்ளே நண்டுகள் அவ்வளவு குடைந்து வைத்திருந்தன. காலை வெளியே எடுத்ததும் மண் பொலபொலவென்று சரிந்தது. தண்ணீர் பள்ளத்தை நோக்கிச் சீறிப் பாய்ந்தது.

"ஐயோ, என் குட்டி!" என்று அலறினாள் சருகி.

அந்த ஓர் அலறல் போதும். மத்தகன் மந்திரியைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. திரும்பினார். அந்த உடைப்பில் பொத்தென்று உட்கார்ந்தார்!

தண்ணீர் நின்றது. ராஜாவின் பின்பக்கத்துக்கு ஈடாக இன்னொரு அடைப்பு அந்தக் காட்டில் இல்லவே இல்லை.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? களிமண் கொண்டு வாங்க! கெண்டையனைக் கூப்பிடுங்க!" என்று பிளிறினார் ராஜா.

கெண்டையன் போயிருக்கவில்லை. சருகி கெஞ்சியதற்காகக் காலிவயிற்றோடு கரையடியில்தான் காத்திருந்தான். மூட்டையை வீசிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தான். வளைகள் ஒன்றா இரண்டா! ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடைத்தான். ஒரு கிழங்கும் தர மாட்டேன் என்ற பன்றிதான் மூக்கு தேயத் தேயக் களிமண் தோண்டியது. கரடி தேனை ஓர் ஓரமாக வைத்துவிட்டு மண் சுமந்தது.

சருகி பள்ளத்தில் இறங்கி ஓடினாள். வேர் இடுக்கில் தண்ணீர் நிறைந்து குட்டியின் கழுத்தைத் தொட்டிருந்தது. கௌவித் தூக்கி மேல்வேரில் போட்டாள். குட்டி தும்மியது. அந்தத் தும்மலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது.

கரையில் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்டுகள் சும்மா இருக்குமா? கிடைத்த இடத்தில் எல்லாம் கடித்தன! "ஆ!" என்பார். "ஐயோ!" என்பார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமும் சௌக்கியம் என்று சொல்லியே காலத்தை ஓட்டிய ராஜா, அன்றைக்கு அரை நாள் நண்டுக்கடி பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜா என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

"மண்ணு மட்டும் நிக்காது ராஜா. கல்லும் மரமும் வேணும்!" என்று கத்தினான் கெண்டையன்.

"கல்லும் மரமுமா? நம்மகிட்டதான் நிறைய இருக்கே. மந்திரி, உங்க வளைவைப் பிரிங்க!"

"என் வளைவா? ராஜா, அதோட உச்சியில..."

"உச்சியில இருக்கிறதை முதல்ல கொண்டு வாங்க!"

கரடியும் குரங்குகளும் ஓடின. வளைவின் கல்லும் தேக்கும் கரைக்கு வந்தன. அந்தக் கல்மயில் தலைகீழாக உடைப்புக்குள் போனது. அதன்மேல் களிமண்ணைப் போட்டு மிதித்தார்கள். சாயங்காலம்தான் ராஜா எழுந்தார். எழுந்தவர் அடுத்த பத்து நாளைக்கு உட்காரவே இல்லை!

நின்றபடியே ராஜா சொன்னார்: "கெண்டையனுக்கு இனிமே ரெண்டு கூடை மீன். ஏத்தின பங்கு ரத்து. மந்திரி தினமும் காலையில கெண்டையன்கூடக் கரையை நடந்து பார்க்கணும். பறக்கக் கூடாது, நடக்கணும்!"

பிறகு சருகியிடம் குனிந்தார். "பன்னிரண்டு வருஷமா கரை உடையலை, அதனால காவல் வேண்டாம்னு சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன். காவல் இருந்ததாலதான் உடையலைங்கிறது என் மண்டையில ஏறவே இல்லை. நீ கேட்டதாலதான் இன்னைக்குக் காடு பிழைச்சது, தாயி!"

அடுத்த பௌர்ணமி. வரிசை மெதுவாக நகர்ந்தது. ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வந்திருந்தார்கள். பன்றி மூன்று கேள்வி கேட்கப் பார்த்தது. ராஜா ஒன்றுக்குத்தான் பதில் சொன்னார்.

சருகியின் முறை வந்தது. ஒரு தொன்னையை வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் ராஜா முந்திக்கொண்டார்.

"இன்னைக்கு நான் கேட்கிறேன். உன் குட்டி சௌக்கியமா?"

சருகிக்குப் பின்னாலிருந்து நான்கு சின்னக் கால்கள் தள்ளாடித் தள்ளாடி முன்னால் வந்து நின்றன.

பொதுவுக்குப் பங்கு கொடுப்பது மட்டும் குடிமக்களின் கடமை அல்ல. அது எங்கே போகிறது என்று பயப்படாமல் கேட்பதும் அவர்களின் கடமையே.